கரண்ட் ஒயரில் வரும் இன்டர்நெட் ஏன் திணறுகிறது?

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு மீட்டிங்கில் குரல் வெட்டி வெட்டிப் போவது பெரிய சங்கடம். ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் சக ஊழியர்கள் பொறுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் போனால், நன்றாக வேலை செய்கிறவர் என்ற பெயர் பின்னுக்குப் போய் 'அவர் பேச ஆரம்பித்தாலே கட் ஆகும்' என்ற பெயர் முன்னால் வந்துவிடும். ஆன்லைன் நேர்காணலில் உட்காருகிறவருக்கோ அந்த இரண்டு தடவைகூடக் கிடையாது.

நம் ஊர் வீடுகளில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. ஃபைபர் ஒயர் கீழே ஹாலுக்குள் வரும். மோடம் டிவி பக்கத்தில் உட்கார்ந்துவிடும். வேலை பார்க்கும் அறையோ மாடியில். நடுவில் கான்கிரீட் தளமும் ஒன்பது அங்குலச் சுவரும். வைஃபை அதைத் தாண்டி வருவதற்குள் சோர்ந்துவிடுகிறது. சுவரில் துளை போட்டு கேபிள் இழுக்க வீட்டில் சம்மதம் கிடைக்காது. அப்போது கைகொடுப்பது பவர்லைன் அடாப்டர். ஒன்றை மோடம் பக்கத்து பிளக் பாயிண்டில் சொருகி லேன் கேபிளால் இணைக்கிறோம். இன்னொன்றை மாடியில் சொருகி அங்கிருந்து லேப்டாப்புக்கு ஒரு கேபிள். நடுவில் சுவருக்குள் ஓடும் கரண்ட் ஒயரே டேட்டாவையும் சுமக்கிறது.

கேட்க எளிது. ஆனால் கீழே 200 மெகாபிட் காட்டும் இணைப்பு மாடியில் 20 மெகாபிட்டுக்கு இறங்கி நிற்கும்போது, பலரும் முதலில் செய்வது பிளானை 300-க்கு ஏற்றுவது. அது வீண் செலவு. தடை சுவருக்குள் இருக்கும்போது தெருவிலிருந்து எவ்வளவு வந்தால் என்ன? எந்தக் கண்ணியில் வேகம் தொலைகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். பர்ஸைத் திறப்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாதி வீடுகளில் அதற்கான தேவையே வராது என்பது என் எண்ணம்.

பெட்டியில் இருக்கும் எண்

அடாப்டர் பெட்டியில் 600, 1000, 1300 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது, நல்ல ஒயரில், போகும் டேட்டா வரும் டேட்டா இரண்டையும் சேர்த்து, பிழைதிருத்தத்துக்குச் செலவாகும் பங்கையும் கழிக்காமல் போட்ட கணக்கு. வீட்டில் அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் உங்கள் ஒயரிங் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பழைய வீட்டில் பத்தில் ஒரு பங்குக்கு இறங்குவதும் உண்டு. 600 என்று வாங்கிய அடாப்டர் 60 தந்தால் அது பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 600 என்று எழுதியிருக்கும் பல மாடல்களில் லேன் கேபிள் சொருகும் துளை 100 மெகாபிட் வகைதான். சுவருக்குள் ஒயர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஸ்பீட் டெஸ்ட் 94, 95-ஐத் தாண்டாது. கிகாபிட் துளை பெரும்பாலும் 1000 வரிசை மாடல்களில்தான் தொடங்குகிறது. வாங்கும் முன் பெட்டியின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டியது இதற்காகத்தான்.

தலைமுறையும் முக்கியம். 2005-இல் வந்த ஹோம்பிளக் ஏவி தரம், கரண்ட் ஒயரில் ஏறத்தாழ 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையைப் பயன்படுத்தியது. 2012-இல் வந்த ஏவி2 அதை 86 மெகாஹெர்ட்ஸ் வரை விரித்தது. பேஸ், நியூட்ரல் ஒயர்களோடு எர்த் ஒயரையும் சேர்த்து இரண்டு பாதையில் டேட்டா அனுப்பும் வித்தையும் அந்தத் தரத்தில்தான் வந்தது. அந்த வித்தை உள்ள மாடல்களுக்கு மூன்று பின் இருக்கும். ஜி.ஹெச்.என் என்று இன்னொரு தரமும் சந்தையில் உண்டு; அதுவும் ஹோம்பிளக்கும் ஒன்றோடொன்று பேசாது. தனித்தனியாக வாங்கி ஜோடி சேர்க்க நினைப்பவர்கள் இதைப் பார்த்து வாங்குங்கள்.

வேலைக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்பதையும் நிதானமாக யோசிக்க வேண்டும். ஜூம் குழு அழைப்பில் மிகத் தெளிவான 1080 வீடியோவை அனுப்பவே 3.8 மெகாபிட் போதும். வெறும் குரலுக்கு நூறு கிலோபிட்கூட வேண்டாம். ஆகவே மாடியில் 40 மெகாபிட் ஆடாமல் அசையாமல் வந்தால் அலுவலக வேலை தாராளமாக நடக்கும். 150 வந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை 5-க்கு விழுகிற இணைப்புதான் மானத்தை வாங்கும். நிலையான வேகத்தைத் தேடுங்கள். அதிக வேகத்தைத் துரத்த வேண்டாம்.

எந்தக் கண்ணி?

சோதனைக்கு முன் இரண்டை அணைத்துவிடுங்கள். ஒன்று, லேப்டாப்பின் வைஃபை. அது ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் அளப்பது கேபிளையா காற்றையா என்றே தெரியாது. இரண்டாவது, அலுவலக வி.பி.என். பல நேரம் குற்றவாளி அதுவாகவே இருக்கும்: எல்லா டேட்டாவும் வேறொரு நகரத்திலுள்ள கம்பெனி சர்வரைச் சுற்றி வரும்போது, வீட்டு இணைப்பு 200 என்றாலும் 25-தான் காட்டும். வி.பி.என் இல்லாமல் வேகம் நன்றாக இருந்து, போட்டதும் விழுந்தால், அடாப்டரைத் தொடவே வேண்டாம், ஐ.டி. பிரிவுக்கு எழுதுங்கள்.

அடுத்து, லேப்டாப்பைக் கீழே கொண்டுபோய் மோடத்தில் நேரடியாக லேன் கேபிளில் சொருகி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இதுதான் உங்கள் உச்சம். இங்கேயே குறைவாக வந்தால் சிக்கல் இணைப்பு தருபவரிடம்.

இந்த இடத்தில் 200 மெகாபிட் பிளானுக்குச் சரியாக 94 காட்டினால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். லேன் கேபிளுக்குள் எட்டு ஒயர்கள். 100 மெகாபிட்டுக்கு அதில் நான்கு போதும்; கிகாபிட்டுக்கு எட்டும் உயிரோடு இருக்க வேண்டும். மீதி நான்கில் ஒரே ஒரு ஒயர் கிளிப்பில் சரியாக உட்காராவிட்டாலும் இரு முனைகளும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஒத்துப்போய்விடும். எந்த எச்சரிக்கையும் வராது. விண்டோஸில் நெட்வொர்க் செட்டிங்ஸில் ஈத்தர்நெட்டைத் திறந்தால் லிங்க் ஸ்பீட் என்ற வரி இருக்கும். அங்கே 1000 இருக்கிறதா, 100 இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். லேன் துளை இல்லாத மெல்லிய லேப்டாப்புகளுக்கு நாம் சொருகும் யு.எஸ்.பி. டாங்கிளிலும் 100-க்கு மேல் போகாத மலிவு வகை உண்டு.

அடுத்த சோதனையைப் பெரும்பாலோர் செய்வதே இல்லை; எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். இரண்டு அடாப்டர்களையும் ஒரே அறைக்குக் கொண்டுவந்து, பக்கத்துப் பக்கத்து பிளக் பாயிண்டில் சொருகி அளந்து பாருங்கள். இங்கே நல்ல வேகம் வந்தால் அடாப்டர், கேபிள், டாங்கிள், லேப்டாப் எல்லாம் நலம். மாடியில் தொலையும் வேகம் முழுவதும் சுவருக்குள் தொலைகிறது. இங்கேயே மோசமென்றால் அடாப்டரிலோ கேபிளிலோ கோளாறு. மாற்றித் தரும் காலக்கெடு முடிவதற்குள் கடைக்காரரிடம் போங்கள். இருபது நிமிட வேலை, பல நாள் குழப்பத்தைத் தீர்க்கும்.

அதன் பிறகு மாடியில் அளக்கும்போது பதிவிறக்கம், பதிவேற்றம் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். கரண்ட் ஒயரில் இரண்டு திசையும் ஒரே வேகத்தில் போகாது. கேட்கிற அடாப்டருக்குப் பக்கத்தில் மின் இரைச்சல் இருந்தால் அந்தத் திசைதான் அடிபடும். மாடியில் பதிவிறக்கம் மட்டும் மோசமென்றால் தொல்லை கொடுக்கும் சாதனம் மாடி அடாப்டருக்கு அருகே இருக்க வாய்ப்பு அதிகம். பதிவேற்றம் மட்டும் மோசமென்றால் கீழே மோடத்தைச் சுற்றித் தேடுங்கள். மீட்டிங்கில் எல்லாரும் பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்டு, நீங்கள் பேசுவது மட்டும் அவர்களுக்கு வெட்டி வெட்டிக் கேட்கிறது என்றால் இரண்டாவது வகை.

பிளக் பாயிண்டும் இரைச்சலும்

இனி பரிகாரம். அடாப்டர் எதில் சொருகியிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ ஸ்பைக் பஸ்டரிலோ இருந்தால் பாதி நோய் அங்கேயே. மின் ஒயரில் வரும் தேவையற்ற அதிர்வுகளை வடிகட்டுவது ஸ்பைக் பஸ்டரின் வேலை. அடாப்டர் அனுப்பும் டேட்டாவும் அதன் கணக்கில் தேவையற்ற அதிர்வுதான். கம்ப்யூட்டர் யு.பி.எஸ்ஸின் பின்னால் சொருகுவது அதைவிட மோசம். அடாப்டருக்கு இடம் சுவர் பிளக் பாயிண்ட் மட்டுமே.

இதே ஸ்பைக் பஸ்டரை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். கீழே டிவி அலமாரியை நினைத்துப் பாருங்கள்: டிவி, செட்டாப் பாக்ஸ், சவுண்ட் பார், மோடம், இரண்டு போன் சார்ஜர். எல்லாவற்றிலும் உயர் அதிர்வில் ஓடும் பவர் சப்ளை இருக்கிறது. எல்லாமே ஒயருக்குள் இரைச்சலைத் திருப்பி அனுப்புகின்றன. அந்தக் கூட்டத்தை மொத்தமாக, வடிகட்டி உள்ள நல்ல ஸ்பைக் பஸ்டரில் சொருகிவிட்டு அடாப்டரைத் தனியாகச் சுவரில் விடுங்கள். இப்போது வடிகட்டி அவற்றின் இரைச்சலை அடாப்டர் பக்கம் வரவிடாது. ஒரே போர்டில் இடமில்லை என்றால் ஐந்து அடி தள்ளியுள்ள அடுத்த போர்டுக்கு அடாப்டரை மாற்றி, நீளமான லேன் கேபிளால் மோடத்தோடு இணையுங்கள். லேன் கேபிளில் ஐந்து அடியோ பதினைந்து அடியோ வேகம் குறையாது. முகப்பிலேயே ஒரு சாக்கெட் வைத்து வரும் அடாப்டர்களில் அந்தச் சாக்கெட்டுக்கு உள்ளேயே வடிகட்டி இருக்கும். தொல்லை தரும் சார்ஜரை அதில் சொருகிவிடலாம்.

இரைச்சல் வேகத்தை எப்படிக் குறைக்கிறது? கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேசிப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லையும் மெதுவாக, இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும். அடாப்டரும் அதையேதான் செய்கிறது: ஒவ்வொரு அலைவரிசைத் துண்டிலும் எவ்வளவு இரைச்சல் என்று அளந்து, இரைச்சலுள்ள துண்டுகளில் குறைவாக ஏற்றி அனுப்புகிறது, போய்ச் சேராததை மறுபடி அனுப்புகிறது. இணைப்பு அறுந்துபோகாமல் மெலிந்துகொண்டே போவதற்குக் காரணம் இதுதான்.

எந்தச் சாதனம் என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. லேப்டாப்பில் கறுப்பு கமாண்ட் திரையைத் திறந்து, 'பிங்' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1. கடைசியில் ஒரு இடம் விட்டு, சிறு கோடும் 'டி' எழுத்தும் சேர்த்தால் நிறுத்தாமல் ஓடும். நொடிக்கு ஒரு வரி வரும்: 3 மில்லிசெகண்ட், 4, 3, 5. பவர்லைனுக்கு இது ஆரோக்கியம். இப்போது கீழே சட்னிக்கு மிக்சி போடச் சொல்லுங்கள். மிக்சி மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் உரசி உரசிச் சின்னப் பொறி பறந்துகொண்டே இருக்கும். அது நல்ல இரைச்சல். திரையில் 3, 4 என்று வந்துகொண்டிருந்தது 40, 90, 130 என்று எகிறும். நடுநடுவே 'ரிக்வஸ்ட் டைம்டு அவுட்' என்று ஒரு வரி விழும். மிக்சி நின்றதும் மறுபடி 3, 4. இந்த வரிகளைப் பார்த்துக்கொண்டே வீட்டுச் சாதனங்களை ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்துப் பாருங்கள்.

மிக்சி ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். மீட்டிங் நேரத்தில் அரைக்க வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டால் முடிந்தது. நெடுநேரம் ஓடுபவைதான் கவனிக்க வேண்டியவை: மலிவான எல்.இ.டி. பல்புகள், கம்பெனி பெயரில்லாத மொபைல் சார்ஜர்கள், விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர், ஃபேனைச் சுழற்றிச் சுழற்றி வேகம் மாற்றும் சில எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள், இண்டக்‌ஷன் அடுப்பு. மேசை மேல் உள்ள ஒரே ஒரு மோசமான சார்ஜரைக் கழற்றியதும் வேகம் இரட்டிப்பானால் ஆச்சரியப்பட வேண்டாம். போன் முழுவதும் சார்ஜ் ஆன பிறகும் சொருகியே கிடக்கும் சார்ஜரும் ஒயரில் தொங்கிக்கொண்டு சிக்னலை உறிஞ்சக்கூடியதுதான். சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் தகராறு என்றால் விளக்குகளைப் பாருங்கள். பகலெல்லாம் நன்றாக இருந்துவிட்டு விளக்கு போட்டதும் மெலிகிற இணைப்பில், எந்த அறை சுவிட்சைத் தட்டும்போது பிங் எகிறுகிறதோ அந்த அறை பல்பை மாற்றினால் போதும்.

பேஸ், மீட்டர், இன்வர்ட்டர்

சார்ஜர், பல்பு எல்லாவற்றையும் பார்த்த பிறகும் மாடியில் வேகம் ஏறவில்லை என்றால், ஒயரிங்கின் வரைபடத்தைக் கேட்க வேண்டிய நேரம். நம் ஊர் வீடுகளில் அடிக்கடி வரும் சில முடிச்சுகள் இங்கே இருக்கின்றன.

முதல் முடிச்சு மூன்று பேஸ் சர்வீஸ். ஏ.சி., மோட்டார் உள்ள வீடுகளில் சுமையை மூன்று பேஸுக்குப் பங்கிட்டிருப்பார்கள்: ஹால் ஒரு பேஸ், மாடி வேறொரு பேஸ். இரண்டு அடாப்டரும் வேறு வேறு பேஸில் இருந்தால் டேட்டா நேர்ப்பாதையில் போக முடியாது. பேஸ் ஒயர்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இடங்களில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கசிந்துதான் போக வேண்டும். வேகம் பாதிக்கும் கீழே போய்விடும். சில வீடுகளில் இணைப்பே கிடைக்காது. ஒரு பேஸில் கரண்ட் போனால் இன்னொரு பேஸுக்குத் திருப்பிக்கொள்ள சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைத்திருக்கும் வீடுகளில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும்: நேற்றுவரை நன்றாக ஓடியது இன்று ஓடாது. யாரோ சுவிட்சைத் திருப்பியிருப்பார்கள்.

வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துத் தரும் டி.பி. பாக்ஸை நீங்களாகத் திறக்கவே வேண்டாம். வீட்டுக்கு ஒயரிங் செய்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, "அண்ணே, ஹால் பிளக்கும் மாடி ரூம் பிளக்கும் ஒரே பேஸ்ல வருதா?" என்று கேளுங்கள். "மாடி தனி பேஸ்ல போட்ருக்கேன் தம்பி, கீழ ஏ.சி. இருக்குல்ல" என்பார். "அந்த ஒரு ரூமை மட்டும் ஹால் பேஸுக்கு மாத்த முடியுமா?" என்பது அடுத்த கேள்வி. சுமை தாங்குமா என்று பார்த்து, தாங்கும் என்றால் அவருக்கு அது சின்ன வேலை. எங்கள் தெருவில் எலக்ட்ரீஷியன் இதை மாற்றிக் கொடுத்ததும் மாடி அறையில் வீடியோ நிற்பது நின்ற வீட்டை நேரில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது முடிச்சு தனி மீட்டர். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை மின்சாரம் இலவசம். அதனாலும், வாடகைக்கு விடும் வசதிக்காகவும், மாடிக்குத் தனி சர்வீஸ் வாங்கிய வீடுகள் ஏராளம். அப்படியென்றால் உங்கள் டேட்டா கீழ் வீட்டு டி.பி., கீழ் மீட்டர், ஃபியூஸ், மாடி மீட்டர், மாடி டி.பி. என்று ஏறி இறங்கி வர வேண்டும். பெட்டியில் '300 மீட்டர் வரை' என்று போட்டிருப்பது ஒயர் ஓடும் தூரம். தலைக்கு மேலே பத்தடியில் இருக்கும் அறைக்குக்கூட அந்தச் சுற்றுவழி எளிதாக எழுபது, எண்பது அடி ஆகிவிடும். வழியில் இருக்கும் ஒவ்வொரு மீட்டரும் பிரேக்கரும் கொஞ்சம் கொஞ்சம் உறிஞ்சும். இரண்டு மீட்டர் வீட்டில் பவர்லைனை நம்பி வேலைக்கு உட்காராதீர்கள் என்பதே என் பரிந்துரை.

மூன்றாவது, இன்வர்ட்டர். ஃபேன், லைட், சில பிளக் பாயிண்டுகள் மட்டும் இன்வர்ட்டர் லைனில் தனியாக ஓடும், மற்றவை ஈ.பி. லைன். ஒரு அடாப்டர் இதிலும் இன்னொன்று அதிலும் இருந்தால், கரண்ட் இருக்கும்போதே டேட்டா இன்வர்ட்டர் பெட்டிக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். கரண்ட் போனாலோ ஈ.பி. லைனில் இருக்கும் அடாப்டர் அணைந்துவிடும். மோடம் ஓடிக்கொண்டிருந்தும் மாடியில் நெட் இருக்காது. பவர் கட்டிலும் வேலை ஓட வேண்டும் என்றால் மோடம், இரண்டு அடாப்டர் மூன்றும் இன்வர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். அடாப்டர்கள் தங்கள் தாளத்தை 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் அலையைப் பார்த்தே வைத்துக்கொள்கின்றன. பழைய ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டர் தரும் கரடுமுரடான அலையில் அந்தத் தாளம் தடுமாறலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்துவிடுங்கள். முக்கியமான மீட்டிங் நடுவில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை இது.

எர்த் பற்றி ஒரு வார்த்தை. மூன்று துளை சாக்கெட் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று நம்ப முடியாது. பழைய வீடுகளில் மேல் துளை வெறுமனே இருக்கும், ஒயரே வந்திருக்காது. எர்த் இல்லாவிட்டால் ஏவி2 அடாப்டரின் இரண்டாவது பாதை செத்துவிடும். வேகத்தை விடுங்கள், எர்த் இல்லாதது உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியன் வரும் அன்றே சோதித்து, இல்லையென்றால் போட்டுவிடச் சொல்லுங்கள்.

சின்னச் சின்ன வேலைகள்

புதிதாக வாங்கிய அடாப்டர்கள் எல்லாம் ஒரே பொதுப் பெயரில் வலை அமைத்துக்கொண்டு வருகின்றன. அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரரும் அதே வகை வாங்கியிருந்தால் இரண்டு வீட்டு வலையும் கலந்துபோகலாம். ஜோடி சேர்க்கும் 'பேர்' (Pair) பட்டனை ஒன்றில் அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் மற்றதில் அழுத்தினால் உங்கள் ஜோடிக்கு மட்டும் தனிப் பூட்டு. பழைய 200 வகை அடாப்டர் ஒன்று வீட்டில் இன்னும் சொருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். எல்லா அடாப்டரும் ஒரே ஒயரைப் பங்கு போடுவதால், மெதுவான ஒன்று பேசும் நேரம் மற்றவற்றின் நேரத்தைத் தின்றுவிடும். கம்பெனி தரும் மென்பொருளில் இரண்டு அடாப்டருக்கும் இடையே உள்ள வேகம் தெரியும், ஃபெர்ம்வேரும் புதுப்பிக்கலாம். கொஞ்ச நேரம் ஓடி, சூடாகி, மெலிந்து, கழற்றிச் சொருகினால் சரியாகிறது என்றால், அலமாரிக்குப் பின்னால் காற்றோட்டமில்லாமல் கிடக்கிறதா என்று பாருங்கள்.

அலுவலகத்தில் என்ன சொல்வது

"நெட் ஸ்லோ" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. மேனேஜருக்கு ஒன்று, ஐ.டி. பிரிவுக்கு ஒன்று என இரண்டு வகையாக எழுதுங்கள். மேனேஜருக்கு வேண்டியது தேதி: "மாடி இணைப்பில் சிக்கல். வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்துவிடுவேன். அதுவரை கிளையண்ட் மீட்டிங்குக்குக் கீழே மோடம் பக்கத்திலிருந்து பேசுகிறேன்." இப்படி எழுதுகிறவரைப் பொறுப்பானவர் என்று எண்ணுவார்கள். ஐ.டி. பிரிவுக்கு எண்கள் வேண்டும்: மோடத்தில் நேராக எவ்வளவு, மாடியில் எவ்வளவு, வி.பி.என் போட்டதும் எவ்வளவு, எந்த நேரத்தில். மேலே சொன்ன சோதனைகளின் குறிப்பு உங்களிடம் இருந்தால் நாலு வரியில் எழுதிவிடலாம். 'ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்ற முதல் சுற்று பதில் வராமல் நேராகக் காரியத்துக்கு வருவார்கள்.

கம்பெனி லேப்டாப்பில் வெளி மென்பொருள் போட அனுமதி இருக்காது. சோதனைக்குச் சொந்த லேப்டாப்பையோ கடன் வாங்கியதையோ பயன்படுத்துங்கள். நேர்காணல் இருக்கும் நாளில் எந்தச் சோதனையும் வேண்டாம். கீழே இறங்கி, மோடத்தில் நேராகக் கேபிள் போட்டு, போனில் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

விட்டுவிட வேண்டிய வீடு

எல்லாம் செய்த பிறகும் மாடியில் 15, 20-ஐத் தாண்டாமல் பிங் துள்ளிக்கொண்டே இருந்தால், அந்த வீட்டு ஒயரிங்கில் பவர்லைன் ஒத்துவராது. விலை கூடிய இன்னொரு ஜோடி வாங்கி அதே ஒயரில் சொருகுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மாடிப்படி ஏறும் இடத்தில் தளம் இல்லாமல் திறந்திருக்கும் வீடுகளில், மெஷ் வைஃபையின் இரண்டாவது பெட்டியைப் படி திரும்பும் இடத்தில் வைத்துப் பார்க்கலாம். சிக்னல் கான்கிரீட்டைத் துளைக்க வேண்டியதில்லை, படி வழியே ஏறிவிடும். கேபிள் போட முடிந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. லேன் கேபிள் 100 மீட்டர் வரை முழு வேகம் தரும். பழைய கேபிள் டிவி ஒயர் போன குழாய் சுவருக்குள் சும்மா இருக்கும். அதில் கேட்6 கேபிளை இழுத்துவிடலாம். கரண்ட் ஒயர் ஓடும் குழாயில் மட்டும் சேர்த்து இழுக்க விடாதீர்கள். வாங்கும்போது முழுச் செம்பு கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய மலிவு கேபிள்கள் கடைகளில் நிறைய. வெளிச்சுவரில் போட்டால் வெயில் தாங்கும் கறுப்பு உறை வேண்டும். மொட்டைமாடி வழியே செம்புக் கேபிள் இழுப்பது இடி மின்னல் காலத்தில் இரண்டு முனைச் சாதனங்களுக்கும் ஆபத்து.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நான் யோசிப்பது மோடத்தையே மாடிக்கு மாற்றுவது. தெருக் கம்பத்திலிருந்து வரும் மெல்லிய ஃபைபர் ஒயருக்கு ஹாலும் ஒன்றுதான், மாடி ஜன்னலும் ஒன்றுதான். இணைப்புக் கொடுத்த லைன்மேனைக் கேட்டால், கொஞ்சம் கட்டணத்தில் மாடி அறைக்கே புதிதாக இழுத்துத் தருவார். ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் மின்னல் பயமும் அதில் இல்லை. அப்போது வேலைக்கு வேண்டிய இணைப்பு நேராக மேசைக்கு வந்துவிடும். கீழே டிவிக்குத்தான் பவர்லைன் அடாப்டர் போகும். படம் ஓடும்போது இரண்டு நொடி தடுமாறினால் யாருக்கும் வேலை போகாது. லைன்மேன் கிளம்பும் முன் மாடியில் கேபிளில் ஒரு ஸ்பீட் டெஸ்ட், கீழே டிவியில் ஒரு படம், இரண்டையும் அவர் கண் முன்னாலேயே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.